துவைக்காத சேலை

1

பாக்கியம்மா, நீங்கள் போய் இன்றோடு முப்பது நாள்.

உங்களை மண்ணுக்குள் வைத்த நேரத்தில் நான் இங்கே குவைத்தில், ஆறாவது மாடியில் நின்று பள்ளிக்கூடச் சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சட்டையின் கழுத்து கருகிப் போனது. மேடம் வந்து ஏசினார். ஏன் கருகியது என்று சொல்லப் பார்த்தேன். சோறு, தண்ணீர், துடைப்பம், குழந்தை அழுகிறது, இதற்கெல்லாம் எனக்கு அரபு தெரியும். என்னைத் தொட்டிலில் போட்டு வளர்த்தவர் செத்துப்போனார் என்று சொல்லத் தெரியாது. தெரிந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்து, அம்மா மௌத் என்றேன்.

மேடம் கெட்டவர் இல்லை. ஆனால் என் காகிதங்களைப் படித்தவர். உன் அம்மா நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே செத்துவிட்டதாக உன் காகிதத்தில் இருக்கிறதே, ஒரு அம்மா எத்தனை தடவை சாவார் என்று கேட்டார். நான் அடுத்த சட்டையை எடுத்து விரித்தேன். பாக்கியம்மா, அந்தக் கேள்விக்கு இங்கே பதில் சொல்ல முடியவில்லை. ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது. கீழ்ப் பிரிவில் வரிசை வீடுகளாக நாலு லயம், ஒரு மாரியம்மன் கோயில், அதற்குப் பக்கத்தில் பிள்ளை மடுவம். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் அம்மாமார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பாக்கியம்மா அங்கே ஆயாவாக இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்தார். போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மடுவத்து வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வரைக்கும் இருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தி நாலுதான்.

மடுவத்துக் கூரையில் நீளமாக ஒரு இரும்புக் கம்பி போகும். அதில் வரிசையாகத் தொட்டில் தொங்கும். தொட்டில் கட்டச் சேலையை அந்தந்தப் பிள்ளையின் அம்மாதான் கொண்டுவர வேண்டும். அதுவும் மலைக்கு உடுத்திப் பழசான சேலையாக இருக்க வேண்டும், துவைத்திருக்கக் கூடாது. அது பாக்கியம்மாவின் சட்டம். கொழுந்துப் பாலும் வேர்வையும் விறகுப் புகையும் சேர்ந்த அந்த வாசனையில்தான் பிள்ளை தூங்கும் என்பார். தொட்டிலுக்குத் தொட்டில் ஒரு கயிறு கட்டி, கடைசி நுனியைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். கை பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்து மாவை உருட்டும். கால் ஒரு இழுப்பு இழுக்கும். ஏழு தொட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடும்.

பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், சேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். மஞ்சக் கட்டம், நீல ரோசா, செவப்புக் கரை. நாங்கள் வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், கல்யாணமும் முடித்த பிறகும் அதேதான். ஒரு தடவை தோட்டத்துக்குப் புதிதாக வந்த துரையை வரவேற்க, மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வெள்ளை வேட்டி கட்டி நின்றார். அவரும் அந்த மடுவத்தில் கிடந்தவர்தான். பாக்கியம்மா எல்லாருக்கும் முன்னால், "ஏய் மஞ்சக் கட்டம், மூக்க ஒழுக விட்டுக்கிட்டுத் திரிஞ்சவன் இன்னைக்கி வேட்டி கட்டுறியா" என்று கேட்டுவிட்டார். துரைக்குத் தமிழ் புரியாதது நல்லதாகப் போயிற்று.

நான் ஊதாப்பூ. என் அம்மாவின் சேலையில் ஊதாப்பூ போட்டிருந்ததாம்.

ஒரு பிள்ளை அழுதால் நாங்கள் பெரிய பிள்ளைகள் முதலில், ஏன் அழுகிறாய் என்று கேட்போம். பாக்கியம்மா கரண்டியை ஓங்குவார். "மொதல்ல கிட்டப் போ. அப்பறமா ஏன்னு கேளு." அவர் வாய்விட்டுச் சொல்லித் தந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் சொல்லித் தந்ததில்லை. பார்த்துக்கொண்டே கிடந்ததில் ஒட்டிக்கொண்டது.

3

இப்போது நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

என் மகள் தர்ஷினிக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. அவள் அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனவர். முதலில் மாதம் ஒரு தடவை வந்தார், பிறகு தீபாவளிக்கு வந்தார், பிறகு வரவில்லை. என் அப்பா கந்தப்பளைப் பக்கம் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். நான் வெளிநாடு போவது என்று முடிவானபோது, பிள்ளையை யாரிடம் விடுவது என்று யோசிக்கவே இல்லை. பாக்கியம்மாவும் கேட்கவில்லை. தன் லயத்துக் காம்பரா அறையில் தொட்டில் கட்ட ஒரு கம்பியை மட்டும் சரிபண்ணி வைத்திருந்தார்.

ஹட்டனில் வெளிநாட்டு வேலைக்கு எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு நோனா அம்மா, தோட்டத்துப் பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் புகை நாற்றம், வெளிநாட்டு வீட்டில் இது சரிவராது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அது எனக்குள் நன்றாக இறங்கிவிட்டது. போகிறதுக்கு இரண்டு நாள் முன்னால் என் உடுப்பெல்லாம் பீலிக்கரைக்குக் கொண்டுபோய்த் துவைத்தேன். தர்ஷினிக்குத் தொட்டில் கட்ட வைத்திருந்த பச்சைச் சேலையையும் சேர்த்துத்தான். மூன்று தடவை சவர்க்காரம் போட்டேன். என் பிள்ளை நாற்றத்தில் கிடக்கக் கூடாது, சுத்தமான சேலையில் தூங்க வேண்டும் என்று நினைத்தேன். கிளம்புகிற அன்றைக்கு மடித்து, பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாக்கியம்மா வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். கீழ் ரோட்டில் வேன் வந்து நின்றுவிட்டது.

"என்னாடி இது, கடையில வாங்குன மாதிரி இருக்கு?"

துவைத்தேன் என்றேன்.

"நீ எங்கடி இருக்க இதுல? இத வச்சுக்கிட்டு ஒம்புள்ளைய நான் எப்பிடித் தூங்க வைக்க?"

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். எனக்கு மூன்று வயதில், மலையில் குளவி கொட்டி அம்மா செத்துப்போனது எனக்குத் தெரியும். மற்றது தெரியாது. பதினாறாம் நாள் அம்மாவின் பாய், தலையணை, உடுப்பு எல்லாவற்றையும் ஆற்றில் விடக் கட்டினார்களாம். எங்கள் பக்கத்து வழக்கம் அது. இறந்தவர் உடுத்தியதை வீட்டில் வைக்க மாட்டோம். அப்போது யாரோ, மடுவத்தில் ஒரு சேலை தொட்டிலாகக் கிடக்கிறதே என்று ஞாபகப்படுத்த, நாலைந்து பேர் அதை எடுக்க வந்திருக்கிறார்கள். நான் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தேனாம். பாக்கியம்மா வாசலை மறித்து நின்றிருக்கிறார்.

"நான் சொன்னேன், இது செத்தவ சேல இல்ல, உசுரோட இருக்குற புள்ளையோட தொட்டில்னு. அதுக்கப்பறம் ஒருத்தனும் உள்ள வரல. நீயா எறங்கி ஓடுற வரைக்கும் ரெண்டு வருசம் அதத் தண்ணியில நனைக்கல நான். ஒனக்குப் போயி புத்தி இல்லாமப் போச்சே ஊதாப்பூ."

வேன்காரன் ஹோர்ன் அடித்தான். உடுத்தியிருந்ததை அவிழ்த்துக் கொடுக்க முடியுமா? பெட்டியில் இருந்ததெல்லாம் துவைத்த உடுப்பு. தர்ஷினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். பாக்கியம்மா அவளைப் பிரித்து எடுத்துத் திரும்பி நின்றுகொண்டார், நான் போவது பிள்ளைக்குத் தெரியாமல். அவர் முதுகைத்தான் நான் நேரில் கடைசியாகப் பார்த்தேன்.

அந்தப் பச்சைச் சேலையில் தர்ஷினி தூங்கவில்லை. ஐந்து நாள் பார்த்துவிட்டு, பாக்கியம்மா தன் சேலையில் தொட்டில் கட்டினார். காப்பிக்கொட்டை நிறச் சேலை. ஆறாம் நாள் பிள்ளை தூங்கினாள்.

4

வெளிநாடு போகிற அம்மா, பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று ஒரு படிவத்தில் எழுத வேண்டும். உறவு என்று ஒரு கோடு இருந்தது. அலுவலகத்தில் இருந்த சிங்கள மாத்தயா என்னையும் பாக்கியம்மாவையும் நிமிர்ந்து பார்த்து, பெரியம்மாவா, நெந்தாவா, அதாவது அத்தையா என்று கேட்டார். நான் மடுவம், தொட்டில் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் நல்ல மனுஷன், கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, அயலவர் என்று சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் பாக்கியம்மா சிரித்தார். எழுதுனா எழுதிட்டுப் போறாரு, பிள்ளையை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாரே, அது போதும் என்றார்.

எனக்கும் அன்றைக்கு அது போதுமாகத்தான் இருந்தது.

சாவுச் செய்தி வந்த மறுநாள், என்னை அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் பண்ணினேன். பத்து நாள் போய்வர முடியுமா என்று கேட்டேன். அங்கே பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினாள். தாய், தகப்பன், புருஷன், பிள்ளை என்றால் மேடம் வீட்டில் பேசிப் பார்க்கலாம் அக்கா, இவங்க உங்களுக்கு என்ன முறை என்று கேட்டாள். பிறகு என் பைலைத் திறந்து, அயலவர் என்று போட்டிருக்கே அக்கா என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் சாவுக்கு லீவு கேட்க முடியாது. இங்கே தங்குவதற்கான அனுமதி, இக்காமா, புதுப்பிக்கப் போட்டிருக்கிறது, இப்போது வெளியே போனால் திரும்ப வருவது கஷ்டம் என்றும் சொன்னாள்.

என்னை வெளியே அனுப்பிய அதே காகிதம் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. யாரைக் குறை சொல்ல? கோட்டில் எழுதுகிற மாதிரி ஒரு உறவு எங்களுக்கு இல்லை.

5

தர்ஷினிக்கு இப்போது நாலு வயது. போனில் என்னைக் காட்டினால் வருவாள், ஒரு நிமிஷம் நிற்பாள். என் வாயில் இப்போது பாதி அரபு. ஒரு நாள் அவளை அவசரப்படுத்த யல்லா, சாப்பிடு என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவள் கோழியை விரட்ட யல்லா என்கிறாளாம். பாக்கியம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அவள் என்னைக் குவைத்தம்மா என்பாள். பாக்கியம்மாவைத்தான் அம்மா என்பாள். பாக்கியம்மா ஒவ்வொரு தடவையும் திருத்துவார். இல்லடி, அதுதான் ஒங்கம்மா, நான் ஆயாம்மா. பிள்ளை கேட்கவில்லை.

இங்கே மேடத்துக்கும் ஒரு கைக்குழந்தை இருக்கிறது, யூசுப். மூத்த பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போன பிறகு, மேடமும் வேலைக்குப் போன பிறகு, நாள் முழுக்க அவன் என்னோடுதான். நான் தலையில் கட்டும் துணியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். மேடம் வந்து தூக்கினால் நெளிந்து என் பக்கம் கை நீட்டுவான். அப்போது மேடத்தின் முகத்தைப் பார்க்க மாட்டேன். அந்த முகம் எனக்குத் தெரியும்.

பாக்கியம்மா போனதும் தர்ஷினியைப் பக்கத்துக் காம்பரா சாந்தி அக்கா தன்னோடு வைத்துக்கொண்டார், தொட்டிலையும் அங்கேயே மாற்றிக் கட்டினார். பன்னிரண்டாம் நாள் காலையில் சாந்தி அக்கா எனக்குப் போன் பண்ணினார். பாக்கியம்மாவின் மகன் சுரேஷ், கொழும்பில் துணிக்கடையில் நிற்பவன், கருமாதி முடியும் வரை லீவு போட்டு வந்திருக்கிறான். அம்மாவின் உடுப்பெல்லாம் கட்டி வைத்துவிட்டானாம். பதினாறாம் நாள் ஆற்றில் விட வேண்டும். சொந்தக்காரர்கள், பிள்ளையின் தொட்டிலில் கிடக்கும் காப்பிக்கொட்டைச் சேலையையும் கழற்றச் சொல்கிறார்கள். செத்தவர் சேலையில் பிள்ளை கிடந்தால் ஆகாது என்கிறார்கள். பிள்ளை சாவுக்கு அப்புறம் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. மத்தியானத்தில் அந்தத் தொட்டிலில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டால் மட்டும் தூங்குகிறாள். அதையும் எடுத்துவிட்டால் என்ன பண்ணுவது தேவி, நீதான் தாய், நீ ஒரு வார்த்தை சொல்லு என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

அன்றைக்கு என் மனதில் வந்ததை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. அந்தச் சேலை போகட்டும் என்று நினைத்தேன். இனி என் துணி அங்கே தொங்கலாம். போட்டிருந்த உடுப்பை அன்றைக்கே கழற்றி, துவைக்காமல், ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டினேன். கீழ் மாடியில் வேலை செய்யும் கினிகத்தேனை ஊர்க்காரர் குமாரி அக்கே அடுத்த வாரம் ஊருக்குப் போகிறார். அவரிடம் கொடுத்துவிடலாம் என்று. உங்களுக்கு மண் காயவில்லை பாக்கியம்மா. நான் உங்கள் இடத்தைப் பிடிக்க உடுப்புக் கட்டிக்கொண்டிருந்தேன்.

6

பதினாறாம் நாள் காலையில் நானே போன் பண்ணினேன். வீடியோவில் சாந்தி அக்காவின் வாசல் தெரிந்தது. சுரேஷ் தலை மொட்டையாக நின்றான். அவன் தோளுக்குப் பின்னால் தொட்டில். அதற்குள் தர்ஷினி இருப்பது ஒரு கால் வெளியே தொங்கியதில் தெரிந்தது. எறங்கு தாயி, மாமா புதுசா ஒண்ணு வாங்கித் தாறேன் என்று அவன் கெஞ்சிக்கொண்டிருந்தான். அதட்டவில்லை. அவள் இறங்கவும் இல்லை, அழவும் இல்லை. சேலையை இரண்டு பக்கமும் இழுத்து முகத்தின் மேல் மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. சாவுக்கு அப்புறம் அவள் பேசிய முதல் பேச்சு அது என்று பிறகு சாந்தி அக்கா சொன்னார்.

"அம்மா இதுலதான் இருக்காங்க."

நான் போனில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் சொன்ன அம்மா நான் இல்லை. அதைக் கேட்டபோது வலித்தது. ஆனால் முன்பு வலித்த மாதிரி இல்லை. நானும் ஒரு ஊதாப்பூச் சேலைக்குள் இப்படித்தான் மூடிக்கொண்டு கிடந்திருப்பேன். வாசலில் நாலைந்து பேர் நின்றிருப்பார்கள்.

சுரேஷைக் கூப்பிட்டேன். அவன் என்னைவிட ஆறு வயது மூத்தவன், அதே கயிற்றில் ஆடியவன். அதைக் கழற்றாதே அண்ணே என்றேன்.

"நீ அங்க இருந்துக்கிட்டுச் சொல்லுவ தேவி. நாளைக்குப் புள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா என்னையத்தான் கேப்பாங்க. செத்தவங்க சேலையில புள்ளையப் போடுவாங்களா?"

நான் சொன்னேன், "அது செத்தவங்க சேல இல்லண்ணே. உசுரோட இருக்குற புள்ளையோட தொட்டில். ஒங்கம்மா சொன்னது."

அந்தக் கதை அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்கு அப்போது ஒன்பது வயது.

"எல்லாப் புள்ளைக்கும் சேல இருந்துச்சு," என்றான். "அம்மா எனக்கு எந்தச் சேலையில கட்டுச்சுன்னு கேக்காமயே விட்டுட்டேன் பாரு. என் தொட்டிலு கயித்துல கடைசி. மத்ததெல்லாம் ஆடி முடிச்சுத்தான் என்னோடது ஆடும்."

திரும்பித் தொட்டிலுக்குப் போனான். கழற்றப் போகிறான் என்றுதான் நினைத்தேன். குனிந்து, தொங்கிய முந்தானையில் முகத்தை வைத்தான். அப்படியே இருந்தான். சாந்தி அக்கா போனைத் தரைப் பக்கம் திருப்பிவிட்டார். சிமெண்டுத் தரையும் ஒரு செருப்பும்தான் எனக்குத் தெரிந்தது.

மூட்டையை அவர்கள் ஆற்றுக்குக் கொண்டுபோனார்கள். தொட்டில் கிடந்தது. கொழும்புக்குப் போகும்போது, முந்தானையில் ஒரு முழம் கிழித்துத் தருவாயா என்று சுரேஷ் தர்ஷினியிடம் கேட்டானாம். தாறேன் என்றாளாம். அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறான். சொந்தக்காரர்கள் இன்னும் சாந்தி அக்காவோடு சரியாகப் பேசுவதில்லை.

7

இரண்டு வாரம் முன்னால் ஒரு காலை, மேடம் வேலைக்குப் போன பிறகு யூசுப் அழுதான். கிட்டப் போனேன். என் தலைத்துணிக்குக் கை நீட்டினான். நான் கொடுக்கவில்லை. அழுக்குக் கூடையிலிருந்து, மேடம் முதல் நாள் போட்டிருந்த சட்டையை எடுத்து அவன் தலைமாட்டில் விரித்தேன். முதலில் தள்ளினான். ஐந்து நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஐந்து நாள் தினமும் விரித்தேன். இப்போது மேடம் வந்து தூக்கினால் அவன் நெளிவதில்லை. மேடத்துக்கு ஏன் என்று தெரியாது. ஒரு அம்மா எத்தனை தடவை சாவார் என்று கேட்டாரே, பிள்ளை வேறொருத்தி பக்கம் கை நீட்டும் ஒவ்வொரு தடவையும் சாவார்; அதற்கு என்னால் செய்ய முடிந்த பதில் இதுதான்.

என் உடுப்புப் பை குமாரி அக்கேயோடு போய்ச் சேர்ந்துவிட்டது. தொட்டிலில் போடச் சொல்லவில்லை. பக்கத்தில் எங்கேயாவது வையுங்கள் என்று மட்டும் சாந்தி அக்காவிடம் சொன்னேன். தர்ஷினி எடுத்து மோந்து பார்த்துவிட்டு, இது யாரோடது என்று கேட்டாளாம். குவைத்தம்மாவோடது என்றதும் மடித்து ஜன்னலில் வைத்தாளாம். தூக்கி எறியவில்லை. ஜன்னலில் வைத்திருக்கிறாள்.

என் ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. ஒரு துணியில் ஒரு ஆளின் வாசனை எவ்வளவு நாள் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான் பாக்கியம்மா.

இதை வாசிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். கோயிலுக்குப் போகிறவர்கள் கோயிலில், தேவாலயம் போகிறவர்கள் அங்கே, வீட்டில் விளக்கு வைக்கிறவர்கள் விளக்குக்கு முன்னால், எங்கள் பாக்கியம்மாவுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த மடுவத்தில் கிடந்தவர்கள் என்றால் உங்கள் சேலைப் பேரைச் சொல்லி வேண்டுங்கள், அவருக்கு அடையாளம் தெரியும். அதோடு இன்னொன்றும் சேர்த்துக் கேளுங்கள். நான் போய்ச் சேரும் வரைக்கும் அந்தக் காப்பிக்கொட்டைச் சேலையில் அவர் இருக்க வேண்டும்.